வாரம் ஒரு குறுஞ்செய்தி: பதில் வந்தால் யார் பார்ப்பது?

கென்யாவில் எச்ஐவி கூட்டு மருந்துச் சிகிச்சையைப் புதிதாகத் தொடங்கியவர்களிடம் 2007 மே முதல் ஓர் ஆய்வு நடந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மருத்துவமனையிலிருந்து அவர்களின் கைப்பேசிக்கு ஒரே ஒரு சொல் வரும்: ‘மாம்போ?’ நண்பர்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கும் சாதாரணச் சொல் அது. நோயாளி 48 மணி நேரத்துக்குள் ‘சாவா’ (நலம்) அல்லது ‘ஷிடா’ (பிரச்சினை) என்று பதில் அனுப்ப வேண்டும். ‘ஷிடா’ என்றவருக்கும் பதிலே அனுப்பாதவருக்கும் மருத்துவமனைப் பணியாளர் போன் செய்து பேசுவார். மாத்திரை, நோய், மருத்துவமனை ஆகிய எதன் பெயரும் அந்தச் செய்தியில் இருக்காது.

மூன்று இடங்களில் இது நடந்தது. நைரோபியின் ஏழை மக்கள் வாழும் பும்வானி, நைரோபியிலேயே காப்டிக் மருத்துவமனை நடத்தும் மையம், தலைநகருக்குத் தெற்கே மாசாய் மக்கள் வாழும் கஜியாடோ. மொத்தம் 538 பேர். அவர்களில் 273 பேருக்குச் செய்தி போனது, 265 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஓராண்டு முடிவில் மருந்தை 95 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காக உட்கொண்டதாகச் சொன்னவர்கள் செய்தி பெற்ற குழுவில் 62 சதவீதம், மற்ற குழுவில் 50 சதவீதம். நோயாளியின் வாய்மொழியை மட்டும் நம்பாமல் ரத்தத்தையும் சோதித்தார்கள். வைரஸ் அளவு கட்டுக்குள் வந்தவர்கள் முறையே 57 சதவீதம், 48 சதவீதம். கணக்காகச் சொன்னால், 11 பேருக்கு ஓராண்டு செய்தி அனுப்பினால் கூடுதலாக ஒருவருக்கு வைரஸ் கட்டுப்படுகிறது. கனடா மருத்துவர் ரிச்சர்ட் லெஸ்டர் தலைமையிலான குழுவின் இந்த முடிவுகள் 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. அதன்பின் கைப்பேசி வழிச் சிகிச்சை உதவி பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் இந்த ஆய்வு அதில் வந்துவிடுகிறது.

ஆனால் இதைப் பார்த்துச் செய்தவர்களில் பலர் எடுத்துக்கொண்டது பாதியைத்தான். ‘வாரா வாரம் எஸ்எம்எஸ் அனுப்பினால் நோயாளி மருந்து சாப்பிடுவார்’ என்று புரிந்துகொண்டார்கள். பதிலைப் படித்துப் போன் செய்த ஆளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மருந்தை விடுபவர்கள் ஏன் விடுகிறார்கள் என்று பார்த்தால் அந்த ஆளின் வேலை விளங்கும். மறதி ஒரு காரணம்தான். அன்றைய கென்யாவில் முதல்கட்டச் சிகிச்சையில் நெவிரப்பின் என்ற மருந்து இருந்தது. தொடங்கிய முதல் சில வாரங்களில் சிலருக்குத் தோலில் தடிப்பு வரும். சாதாரணத் தடிப்பென்றால் கண்காணித்தபடி தொடரலாம், வாயில் புண், காய்ச்சல், தோல் உரிதல் என்று போனால் உடனே நிறுத்தியாக வேண்டும். எது எது என்று நோயாளிக்குத் தெரியாது. பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடுவார், அல்லது ஆபத்தான தடிப்போடு விழுங்கிக்கொண்டே இருப்பார். எஃபவிரன்ஸ் எடுப்பவருக்குக் கெட்ட கனவுகள் வரும். இன்னொருவருக்கு மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் காசில்லை. வேறொருவர், தன் வீட்டுக்கு மாமியார் வந்திருப்பதால் மாத்திரை டப்பாவை வெளியே எடுக்க முடியாமல் இருக்கிறார். ‘மருந்து சாப்பிட மறக்காதீர்கள்’ என்ற செய்தி இவர்களில் ஒருவருக்கும் உதவாது. ஐந்து நிமிடப் பேச்சு உதவும். யாருக்கு இந்த வாரம் அந்த ஐந்து நிமிடம் தேவை என்று சல்லடை போட்டுக் காட்டியதுதான் ‘மாம்போ’ செய்த வேலை.

சல்லடையின் கண் எவ்வளவு பெரியது என்பதும் தெரியும். வாரத்துக்குச் சராசரியாக 3.3 சதவீதம் பேரே ‘ஷிடா’ என்றார்கள். ஆயிரம் நோயாளிகளைப் பார்க்கும் மையத்தில் ஒரு நர்ஸ் வாரத்துக்கு 33 பேரோடு பேசினால் போதும் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். இந்தக் கணக்கை அப்படியே எடுத்துத் திட்டம் போடுவது தவறு. பதில் அனுப்பாதவர்கள் எப்போதும் ‘ஷிடா’ சொல்பவர்களைவிட அதிகம், அவர்களைத் தேடிப் பிடிக்க ஒருமுறைக்கு மூன்று முறை அழைக்க வேண்டிவரும். நேரத்தைத் தின்பது அந்த வேலைதான்.

தினமும் அனுப்பினால் இன்னும் நல்லதல்லவா என்ற கேள்விக்கும் கென்யாவிலேயே விடை கிடைத்தது. மேற்கு கென்யாவில் சுலாயிம்போ என்ற இடத்தில் 431 பேரிடம் 48 வாரம் சோதித்தார்கள். மூடி திறக்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தைப் பதிவு செய்யும் மருந்துக் குப்பிகளைக் கொடுத்திருந்ததால் யார் எப்போது எடுத்தார் என்று தெரிந்தது. வாரம் ஒருமுறை செய்தி பெற்றவர்களில் 53 சதவீதம் பேர் பத்தில் ஒன்பது வேளையாவது மருந்து எடுத்தார்கள். செய்தியே பெறாதவர்களில் அது 40 சதவீதம். தினமும் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட மேம்படவில்லை. ஊக்க வார்த்தைகள் சேர்த்த நீண்ட செய்தியும் சுருக்கமான செய்தியைவிட நன்றாக வேலை செய்யவில்லை. தினமும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் சத்தத்தைக் காது சில வாரங்களில் ஒதுக்கிவிடுகிறது.

சுலாயிம்போவில் வாராந்தரச் செய்தி ஒருவழிதான், அதற்கும் பலன் இருந்ததே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஒருவழிச் செய்தியின் பலன் இடத்துக்கு இடம் நிற்கவில்லை. கேமரூன் தலைநகர் யாவுண்டேயில் 200 பேரிடம் வாராந்தர ஊக்கச் செய்தியைச் சோதித்தபோது தெளிவான பலன் தெரியவில்லை. தென்னிந்தியாவில் 631 பேரிடம் சுமார் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வு நம்மை இன்னும் நெருக்கமாகத் தொடுவது. வாரம் ஒரு தானியங்கிக் குரல் அழைப்பு, சில நாள் கழித்து ஒரு படச் செய்தி என்று அமைத்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரையும் எட்டும் நல்ல வடிவமைப்பு. சிகிச்சை தோற்ற விகிதமோ 100 பேருக்கு ஆண்டுக்கு 10.5 ஒரு பக்கம், 10.7 மறுபக்கம். வித்தியாசமே இல்லை என்று 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது. அந்த மையங்களில் ஏற்கெனவே ஆலோசகர்கள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே ஒழுங்காக மருந்து எடுத்தார்கள். இயந்திரக் குரல் அதற்குமேல் சேர்க்க ஒன்றும் மிச்சமில்லை.

இருவழிச் செய்தியும் எல்லாவற்றையும் சாதிக்காது. ‘மாம்போ’ முறையையே நைரோபியின் கிபெரா குடிசைப் பகுதியில் 700 பேரிடம் வேறொரு நோக்கத்துக்காகச் சோதித்தார்கள்: எச்ஐவி இருப்பது தெரிந்த முதல் ஆண்டில் நோயாளி சிகிச்சையை விட்டுப் போகாமல் தக்கவைக்க முடியுமா என்று. செய்தி பெற்றவர்களில் 79 சதவீதம் பேர் நிலைத்தார்கள், பெறாதவர்களில் 81 சதவீதம். பலன் இல்லை. வேலை தேடி ஊர் மாறியவரையும், நோயை இன்னும் மனதளவில் ஏற்காதவரையும் ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்ற கேள்வி இழுத்து வராது. மருந்தைத் தொடங்கி, தொடர விரும்பி, நடுவில் தடுக்கி நிற்பவருக்குத்தான் அது கை கொடுக்கிறது.

ஒருவழிச் செய்தி நன்றாக வேலை செய்த இடமும் ஒன்று உண்டு, அதற்குச் சென்னையே சான்று. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. எல்லோருக்கும் தொடக்கத்தில் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு அதோடு, அவரவர் மன மாற்றத்தின் கட்டத்துக்கு ஏற்ப எழுதிய குறுஞ்செய்திகளும் போயின. செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. பெற்றவர்களில் 18 சதவீதம். சிட்னியில் இதய நோயாளிகள் 710 பேரில் பாதிப் பேருக்கு ஆறு மாதம் வாரம் நான்கு செய்தி அனுப்பியபோது மேல் ரத்த அழுத்தம் சராசரி 136-க்குப் பதில் 128 ஆனது, புகைபிடிப்பவர்கள் 43 சதவீதத்துக்குப் பதில் 26 சதவீதம். நடப்பது, சோற்றைக் குறைப்பது, சிகரெட்டை விடுவது எல்லாம் நோயாளி யாரையும் கேட்காமல் தானே செய்யக்கூடியவை. அங்கே நினைவூட்டலே போதும். தடிப்புக்கும் பேருந்துக் காசுக்கும் இன்னொருவர் வேண்டும். செய்தித் திட்டம் போடும் மருத்துவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, தன் நோயாளியின் தடை இவ்விரண்டில் எந்த வகை என்பதைத்தான்.

காசநோயில் கிடைத்த பாடம்

ஆறு மாதம் தினமும் மாத்திரை எடுக்க வேண்டிய காசநோயில் கைப்பேசியைப் பல வழிகளில் சோதித்திருக்கிறார்கள். சீனாவில் மாதத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேளைகளைத் தவறவிட்ட மாதங்கள் எத்தனை என்று கணக்கிட்டார்கள். வழக்கமான சிகிச்சையில் 29.9 சதவீதம், குறுஞ்செய்தி மட்டும் அனுப்பியபோது 27.3 சதவீதம். திறப்பதைப் பதிவு செய்து நேரத்துக்கு ஒலியெழுப்பும் மருந்துப் பெட்டி கொடுத்தபோது 17 சதவீதமாகக் குறைந்தது. பெட்டியும் செய்தியும் சேர்ந்தபோது 13.9. பெட்டி ஏன் ஜெயித்தது என்றால், மாதக் கடைசியில் மருத்துவர் அந்தப் பதிவைத் திறந்து நோயாளியோடு உட்கார்ந்து பார்த்தார். அதிகம் தவறவிட்டவர்களைக் கூடுதலாகக் கவனித்தார்கள்.

இந்தியாவில் வந்தது 99டாட்ஸ் என்ற முறை. மாத்திரை அட்டையை ஓர் உறையில் ஒட்டித் தருவார்கள். மாத்திரையை அழுத்தி எடுத்தால் அதன் பின்னால் மறைந்திருக்கும் கட்டணமில்லாத எண் தெரியும். அந்த எண்ணுக்கு நோயாளி ஒரு அழைப்பு கொடுத்தால் அன்றைய வேளை ‘எடுத்தாயிற்று’ என்று கணினியில் பதிவாகும். எந்த நாள் எந்த எண் வரும் என்று முன்கூட்டித் தெரியாததால், மாத்திரையை எடுக்காமல் அழைக்க முடியாது என்பது எண்ணம். சென்னை, வேலூர், மும்பை ஆகிய இடங்களில் 597 நோயாளிகளின் வீட்டுக்கு முன்னறிவிப்பின்றிப் போய்ச் சிறுநீரில் காசநோய் மருந்தான ஐசோனியசிட் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தபோது வேறு படம் தெரிந்தது. மருந்து எடுத்திருந்தவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் அழைத்திருக்கவே இல்லை. எடுக்காதவர்களில் ஏறத்தாழ 39 சதவீதம் பேருக்கு ‘எடுத்தார்’ என்று பதிவாகியிருந்தது. சிக்னல் இல்லாத வீடு, மகன் வேலைக்கு எடுத்துப்போன போன், அழைக்க மறப்பது, மாத்திரையைப் பிதுக்கி எடுத்துவிட்டு விழுங்காமல் வைப்பது எல்லாம் இதில் அடங்கும். விடுபட்ட அழைப்புகளைப் பணியாளர்களே பின்னர் நிரப்பிய பதிவுகளையும் சேர்த்தால், எடுக்காதவரைக் கண்டுபிடிக்கும் திறன் இன்னும் சரிந்தது. ‘எடுத்தார்’ என்று காட்டும் பச்சைப் புள்ளிகள் நிறைந்த திரையைப் பார்த்து ஒரு மாவட்ட அலுவலர் நிம்மதி அடைவது ஆபத்தானது என்று நான் கருதுவது இதனால்தான்.

மறுபக்கம் நைரோபியில் கெஹாலா என்ற முறை. சாதாரண போனிலேயே எண் அழுத்தித் திறக்கும் பட்டியலில் நோயாளி தினமும் ‘எடுத்தேன்’ என்று உறுதி செய்வார். செய்யாவிட்டால் மீண்டும் செய்தி வரும், அதற்கும் பதில் இல்லையென்றால், தாமே காசநோயிலிருந்து மீண்ட ஒருவர் போன் செய்து பேசுவார். 17 மையங்களில் நடந்த இந்த ஆய்வில் சிகிச்சை வெற்றி பெறாதவர்கள் 13.1 சதவீதத்திலிருந்து 4.2 சதவீதமாகக் குறைந்தார்கள். இங்கும் பதிலின் மறுமுனையில் ஓர் ஆள்.

நம் ஊர் மருத்துவமனையில் அமைப்பதென்றால்

முதலில் எண். பதிவின்போது நோயாளி சொல்லும் எண்ணை எழுதிக்கொள்வதோடு நிறுத்தக்கூடாது. அவர் எதிரிலேயே அந்த எண்ணுக்கு அழைத்து அவர் கையில் உள்ள போன் ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது மகனுடையதாகவோ பக்கத்து வீட்டுக்காரருடையதாகவோ இருக்கும். ‘இந்த போன் எப்போதும் உங்களிடம் இருக்குமா, வேறு யார் எடுப்பார்கள், உங்கள் நோய் அவர்களுக்குத் தெரியுமா’ என்ற மூன்று கேள்விகளுக்கான பதிலையும் ஓ.பி. சீட்டில் குறித்துவைக்க வேண்டும். ரீசார்ஜ் சலுகைக்காக சிம் மாற்றுவது வழக்கம் என்பதால் ஒவ்வொரு வருகையிலும் எண்ணை மறுபடி கேட்க வேண்டும். இரண்டு சிம் உள்ள போனில் ஒரு சிம் ரீசார்ஜ் செய்யாமல் செத்திருக்கும், அதே எண்ணைத்தான் பழைய நோட்டில் எழுதியிருப்போம்.

அடுத்தது அனுப்பும் வழி. மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிப்படி நிறுவனத்தையும், அனுப்புநர் பெயராகத் தெரியும் எழுத்துகளையும், செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த வாசகத்திலிருந்து மாறினால் செய்தி போகாது, போகவில்லை என்று நோயாளிக்கும் தெரியாது. இதைவிடப் பெரிய சிக்கல், எழுத்துகளாலான அந்த அனுப்புநர் பெயருக்கு யாரும் பதில் அனுப்ப முடியாது. ‘பிரச்சினை என்றால் 2 என அனுப்பவும்’ என்று கேட்டுவிட்டுப் பதில் வரும் வழியையே அடைத்துவைத்த திட்டங்கள் இப்படித்தான் உருவாகின்றன. பதில் வாங்கத் தனி எண் எடுக்க வேண்டும், அல்லது செய்திக்குள்ளேயே ‘உதவிக்கு இந்த எண்ணுக்கு மிஸ்டு கால்’ என்று கொடுக்க வேண்டும். மிஸ்டு காலுக்கு பேலன்ஸ் செலவாகாது, எழுத்துத் தெரியாதவரும் கொடுக்கலாம். ஐம்பது அறுபது நோயாளிகள் உள்ள சிறிய கிளினிக்குக்கு இதெல்லாம் தேவையில்லை. கிளினிக்குக்கென்று ஒரு போன், ஒரு சிம், ஒரு நோட்டு போதும்.

தமிழில் எழுதும்போது நீளத்தைக் கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 குறிகள் கொள்ளும், தமிழில் 70 மட்டுமே. அதைத் தாண்டினால் 67 குறிகள் கொண்ட துண்டுகளாக உடைந்து ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள், ‘க்’ என்பது இரண்டு. ஓர் உதாரணம்:

‘நலமாக இருக்கிறீர்களா? ஆம் எனில் 1, உதவி வேண்டும் எனில் 2 என அனுப்பவும்’

எண்ணிப் பார்த்தால் சரியாக 70 வரும். கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தால் 71, செலவு இரட்டிப்பு. இதில் மருத்துவமனைப் பெயரைச் சேர்க்க இடமில்லை, நோயை மறைக்க விரும்புபவர்களுக்கு அது நல்லதுதான். பூட்டிய திரையிலேயே செய்தியின் முதல் வரி தெரியும் என்பதால், ‘காசநோய் மாத்திரை’, ‘ஏஆர்டி மையம்’ (எச்ஐவி சிகிச்சை மையம்) போன்ற சொற்களை எழுதவே கூடாது. எச்ஐவி உள்ளவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளிப்படுத்துவதை 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டம் தடை செய்கிறது. எழுத்துமூலச் சம்மதம் வாங்கும்போது ‘போனில் என்ன வரும், யார் பார்க்கக்கூடும்’ என்று செய்தியையே காட்டி விளக்க வேண்டும்.

நாளும் நேரமும் மாறக்கூடாது. திங்கள் காலை பத்து மணி என்றால் எப்போதும் அதுவே. வெள்ளிக்கிழமை அனுப்பினால் பதில்கள் சனி, ஞாயிறு கவனிப்பாரற்றுக் கிடக்கும். புதன் காலை பத்து மணிக்கு, பதில் தராதவர் பட்டியலை எடுத்து அழைக்கத் தொடங்க வேண்டும். அழைப்பில் முதல் கேள்வி ‘மருந்து சாப்பிட்டீர்களா’ என்று இருக்கக்கூடாது. அதற்கு எல்லோரும் ‘ஆமாம்’ என்பார்கள். ‘இந்த வாரம் மாத்திரை போடறதுல என்ன கஷ்டம் இருந்துச்சுங்க?’ என்று கேட்டால் வாந்தியும் வேலைநேரமும் வெளிவரும். பேசியதை நோட்டில் எழுதும்போது மூன்று கட்டங்கள் போதும்: என்ன சொன்னார், என்ன செய்தோம், அடுத்து யார் எப்போது பார்க்க வேண்டும். மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் வரிகள்தான் பின்னால் சிக்கலாகின்றன.

இந்த வேலையைச் செய்யும் நர்ஸின் நேரத்தைப் பணிப்பட்டியலில் எழுத வேண்டும். வாரத்துக்கு நான்கு மணி நேரம் என்று எழுதாமல், ‘நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டால், ஓ.பி. கூட்டம் நிறைந்த நாளில் முதலில் நிற்பது இதுதான். அவர் பிரசவ விடுப்பில் போனால் யார் என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். போன் அவருடைய சொந்த போனாக இருந்தால், இடமாற்றத்தோடு நோயாளிகளின் பதில்களும் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

வாட்ஸ்அப்பில் மருத்துவர்

தமிழ்நாட்டில் நடைமுறையில் பாதிப் பேச்சு வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் இதை அனுமதிக்கின்றன. ஆனால் எல்லை போட்டிருக்கின்றன. முதல்முறை பார்க்கும் நோயாளிக்கு எழுத்துச் செய்தி வழியாக, கடையில் சீட்டின்றிக் கிடைக்கும் எளிய மருந்துகளைத்தான் எழுத முடியும். நேரில் பார்த்த அதே நோய்க்கு, ஆறு மாதத்துக்குள் தொடர் ஆலோசனையாக வந்தால் கூடுதல் மருந்துகளை எழுதலாம். போதைத் தன்மையுள்ள, கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் எந்த வழியிலும் கூடாது. உரையாடலும் மருந்துச்சீட்டும் பதிவாக இருக்க வேண்டும். எனவே தானாக அழியும் செய்தி வசதியை அணைத்துவைப்பது அவசியம். நோயாளிகளை ஒரே குழுவில் சேர்ப்பது பெரிய தவறு. சேர்த்த நொடியிலேயே எல்லோருடைய எண்ணும் நோயும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். புண்ணின் படங்கள் மருத்துவரின் போன் கேலரியில் தானாகச் சேமிக்கப்பட்டுக் குடும்பப் படங்களுக்கு நடுவே கிடப்பதும் அடிக்கடி நடக்கிறது. தனி எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் வைத்து, படங்கள் கேலரிக்குப் போவதை நிறுத்தி, இரவில் ‘அவசரம் என்றால் 108-ஐ அழையுங்கள், இந்தச் செய்தி நாளை காலை 9 மணிக்குப் பார்க்கப்படும்’ என்ற தானியங்கிப் பதில் போட்டுவைக்கலாம். நீல டிக் விழுந்ததும் ‘டாக்டர் பார்த்துவிட்டார்’ என்று நெஞ்சுவலியோடு காத்திருப்பவர் உண்டு. நீல டிக்கை அணைத்துவிடுவது நல்லது.

எண்களைக் கேட்டு வாங்கும்போது வடிவத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ‘சுகர் 180’ என்ற செய்தியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வெறும் வயிற்றிலா, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தா, எந்தத் தேதி என்று சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தக் கருவியின் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்வது மேல். எழுதி அனுப்பினால் மூன்றாவதாகத் தெரியும் நாடித்துடிப்பைக் கீழ் அழுத்தமாக எழுதுவார்கள். மாத்திரை அட்டையைக் கேட்டால் இரண்டு பக்கமும் வேண்டும், பெயரும் மில்லிகிராமும் உள்ள பக்கம் பெரும்பாலும் படத்தில் வராது. புண்ணுக்குப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, கிட்டத்தில் ஒன்று, எட்டத்தில் ஒன்று.

மிகவும் கவனம் வேண்டியது இன்சுலின். நோயாளிகள் யூனிட் என்று எழுதுவதில்லை, ‘காலைல 12 கோடு போட்டேன் டாக்டர்’ என்று எழுதுவார்கள். கோடு என்பது எந்த சிரிஞ்சின் கோடு என்பதில் எல்லாம் இருக்கிறது. நம் நாட்டில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் போடும் இன்சுலின் 100 யூனிட், 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 12 என்ற அளவு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 4.8 யூனிட்தான். சர்க்கரை இறங்கவில்லை என்று மருத்துவர் செய்தியிலேயே அளவைக் கூட்டுவார். சில நாளில் மருந்துக்கடைக்காரர் சரியான சிரிஞ்சைக் கொடுத்ததும் நோயாளி மயங்கி விழுவார். மாறாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 12 வரை இழுத்தால் 30 யூனிட் போய்விடும். எனவே செய்தியில் இன்சுலின் அளவை மாற்றும் முன் குப்பியும் சிரிஞ்சும் ஒரே படத்தில் தெரியும்படி அனுப்பச் சொல்லிப் பார்க்காமல் மாற்றக்கூடாது. மாற்றிய அளவை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, ‘படித்ததைத் திரும்ப எழுதி அனுப்புங்கள்’ என்று கேட்பது கூடுதல் காவல். ‘1-0-1’ என்று எழுதும் பழக்கமும் அப்படியே: காலை, மதியம், இரவு என்று தெரிந்தவருக்குச் சரி, தெரியாதவர் 101 மில்லிகிராம் தேடிக் கடைக்குப் போவார். ‘காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு’ என்று எழுதிவிடலாம்.

தொடங்கும்போது முப்பது நோயாளிகள் போதும், எட்டு வாரம். வாராவாரம் நான்கு எண்களை எழுதி வர வேண்டும்: எத்தனை செய்தி உண்மையில் போய்ச் சேர்ந்தது, எத்தனை பேர் பதில் தந்தார்கள், உதவி கேட்டவர்களை எத்தனை மணி நேரத்துக்குள் அழைத்தோம், அந்த அழைப்பால் யாருக்காவது மருந்தோ வருகையோ மாறியதா. மூன்றாவது எண் இரண்டு நாளைத் தாண்டினால் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்திவைத்து, அழைக்கும் ஆளை முதலில் கூட்ட வேண்டும். எட்டு வாரமும் ‘1’ என்று மட்டுமே பதில் அனுப்பிக்கொண்டிருப்பவர்களில் ஐந்து பேரையாவது பொறுக்கி எடுத்து அழைத்துப் பேசி, மருந்து வாங்கிய தேதியையும் மிச்சமுள்ள மாத்திரையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.